முதல் ஆர்சி வாகனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தரையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மின்மோட்டாரில் இயங்கித் தரையில் ஓடும் ஆர்சி வண்டி (ரேடியோவால் இயக்கப்படும் சிறு வண்டி) ஒன்றை முதன்முறையாக வாங்க இருப்பவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. புதியவர்கள் பெரும்பாலும் வண்டியின் தோற்றத்தையும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட உச்ச வேகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கே ஓட்டுவது, உடைந்தால் எதை மாற்றுவது, எதைக் கொண்டு சார்ஜ் செய்வது என்ற கேள்விகள் வண்டி வீட்டுக்கு வந்த பிறகே எழுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சிக்கல்களில் பாதி எழுவதே இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான தேர்வுகளைக் குறைத்துத் தருவதால், அவற்றை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. ஓட்டும் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

எந்த வண்டி என்று யோசிப்பதற்கு முன், அதை வாரம் ஒருமுறையாவது ஓட்டக்கூடிய இடம் எது என்பதை முடிவு செய்யுங்கள். போய்வரவே அரை நாள் ஆகும் திடல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் சுமாரான இடத்தில்தான் வண்டி உண்மையில் ஓடப்போகிறது.

இடத்தின் நீளத்தைக் காலடியால் அளந்து மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். 30 மீட்டர் நீளமுள்ள இடத்தை அந்த வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடிக்குள் கடந்துவிடும். வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பழகாத கைக்கு அது போதாது. பத்து மீட்டருக்கும் குறைவான இடம்தான் கிடைக்கும் என்றால், வேக வண்டியை அடியோடு மறந்துவிட்டு, மெதுவாக ஏறிச் செல்லும் கிராலர் அல்லது 1/24 அளவிலான (அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) சிறு வண்டியைப் பற்றி மட்டும் யோசிப்பது நல்லது.

அடுத்து தரையின் தன்மையைப் பாருங்கள். அது தார்த் தரையா, சிமெண்ட்டா, மண்ணா, புல்லா, சரளைக் கல்லா? புல்லாக இருந்தால் அதன் உயரத்தையும் பாருங்கள். வண்டியின் அடிப்பகுதியை விடப் புல் உயரமாக இருந்தால், வண்டி வயிற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டுதான் நகரும், மோட்டாரும் விரைவில் சூடேறும். கடற்கரை மணலைப் பலரும் நல்ல இடமாக எண்ணுகிறார்கள். உப்பும் நுண்மணலும் பேரிங்குகளையும் ஸ்க்ரூக்களையும் அரித்துவிடுவதால், முதல் வண்டியை அங்கே கொண்டுசெல்ல வேண்டாம்.

மக்கள் நடமாட்டத்தையும் கவனியுங்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள வண்டி முழு வேகத்தில் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியவும் கூடும். போக்குவரத்து உள்ள சாலை எந்த நிலையிலும் ஓட்டும் இடமாகாது.

2. தரைக்கு ஏற்ற வகையைத் தீர்மானியுங்கள்

தரை தெரிந்துவிட்டால் வகை பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

புல்லும் மேடுபள்ளமும் கலந்த தரைக்கு மான்ஸ்டர் டிரக் ஏற்றது. பெரிய சக்கரங்களும் உயரமான அடிப்பகுதியும் இருப்பதால், மற்ற வண்டிகள் சிக்கி நிற்கும் இடங்களை இது எளிதாகக் கடந்துவிடும். எடையின் மையம் உயரத்தில் இருப்பதால், வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் என்பது இதன் குறை. ஆனால் கவிழ்வது புதியவருக்குப் பெரிய இழப்பில்லை. வேகத்தைக் குறைத்துத் திருப்ப வேண்டும் என்பதை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஷார்ட் கோர்ஸ் டிரக்கில் உடற்கூடு நான்கு சக்கரங்களையும் மூடியிருக்கும். முன்னும் பின்னும் அகன்ற பம்பர் இருக்கும். சுவரிலோ மரத்திலோ மோதும்போது சக்கரத்துக்கு முன் பம்பரே அடியை வாங்கிக்கொள்வதால், உடைவது குறைகிறது. டிராக்ஸஸ் ஸ்லாஷ் இந்த வகையில் பரவலாக அறியப்பட்ட 1/10 வண்டி. உயரமாகத் தாவும்போது கூட்டின் அடியில் காற்று சிக்கி மூக்கைத் தூக்கிவிடும் என்பதால், தாவல்களையே முதன்மையாக விரும்புபவருக்கு இது ஏற்றதன்று.

பக்கி தாழ்வாகவும் இலேசாகவும் இருக்கும். மண் தடத்தில் நன்றாகத் திரும்பும். ஆனால் அதன் முன்சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், ஓரத்தில் உரசினாலே சஸ்பென்ஷன் கையில் அடி விழும். ஒழுங்கான மண் தடம் அருகில் இருந்தால் மட்டும் பக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆன்-ரோடு கார்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். சீராகப் பெருக்கப்பட்ட, அகலமான தார்த் தரை இல்லாமல் இவற்றை வாங்குவது வீண். ஒரு சிறு கல் போதும், கார் நின்றுவிடும் அல்லது உருண்டுவிடும். டிரிஃப்ட் கார்கள் இன்னும் ஒரு படி தள்ளியே இருக்கின்றன. கடினமான பிளாஸ்டிக் டயரும், வழவழப்பான தரையும், திருப்பத்தைத் தானே சரிசெய்யும் ஜைரோவும் அவற்றுக்குத் தேவை. முதல் வண்டியாக அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

இடம் குறைவாக இருப்பவருக்கும், பொறுமையான ஓட்டத்தை விரும்புபவருக்கும் கிராலர் மிகப் பொருத்தமானது. நடை வேகத்தில் பாறைகளின் மேல் ஏறிச் செல்லும் இந்த வண்டியில் மோதல் என்பதே அரிது, உடைவதும் குறைவு. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 போன்ற 1/24 கிராலர்களுக்கு வீட்டுக்குள் புத்தகங்களை அடுக்கியே தடம் அமைத்துவிடலாம். ஆனால் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, "பழகுவதற்கு மட்டும்" என்று கிராலரை வாங்குபவர்கள் விரைவிலேயே சலித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விருப்பம் எது என்பதை இந்த இடத்தில் ஒளிக்காமல் முடிவு செய்யுங்கள்.

3. அளவைத் தேர்ந்தெடுங்கள்

1/10 என்றால் அசல் வாகனத்தின் பத்தில் ஒரு பங்கு என்று பொருள். இது தோராயமான அளவுதான். ஒரே 1/10 பெயரில் வரும் ஆன்-ரோடு காரைவிட மான்ஸ்டர் டிரக் மிகப் பெரியதாக இருக்கும். எனவே பின்னத்தை மட்டும் பார்க்காமல், நீளம், அகலம், எடை ஆகிய மூன்றையும் பாருங்கள்.

சிறிய வண்டிக்குப் புல்லின் ஒரு கொத்தே புதராகிவிடும். பெரிய வண்டி கரடுமுரடான தரையை எளிதாகக் கடக்கும், ஆனால் அதன் பேட்டரியும் டயரும் உதிரிபாகங்களும் அதற்கேற்ப விலை கூடும். மோதலின் வலுவும் கூடும். வெளியில் ஓட்டுபவருக்கு 1/10 நடுநிலையான அளவு. உதிரிபாகங்களும் டயர்களும் மோட்டார்களும் இந்த அளவில்தான் மிகுதியாகக் கிடைக்கின்றன. இடம் சிறியதென்றால் 1/16 அல்லது 1/18 பாருங்கள். 1/8 அளவை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பொம்மை வகையையும் ஹாபி வகையையும் பிரித்தறியுங்கள்

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். உள்ளே திறந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஹாபி வகையில் ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவர், வேகக் கட்டுப்படுத்தி எனப்படும் ஈஎஸ்சி, திருப்பத்துக்கான சர்வோ, மோட்டார் ஆகிய நான்கும் தனித்தனிப் பொருள்கள். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பொம்மை வகையில் எல்லாம் ஒரே மின்பலகையில் இணைந்திருக்கும். அது எரிந்தால் பெரும்பாலும் வண்டியே முடிந்தது.

சோதிக்க எளிய வழி திருப்பம். ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் சக்கரமும் சிறிதளவே திரும்ப வேண்டும். முழு இடம், முழு வலம் என்ற இரு நிலைகள் மட்டும் இருந்தால் அது பொம்மை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். உடற்கூடும் சஸ்பென்ஷனும் ஹாபி வகைபோல இருக்கும், ஆனால் ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், சர்வோவுக்கு ஐந்து கம்பிகள் செல்லும். பொதுவான சர்வோவுக்கு மூன்று கம்பிகள்தான். ஐந்து கம்பி சர்வோவின் கட்டுப்பாட்டுச் சுற்று அந்தப் பெட்டிக்குள் இருப்பதால், வேறு நிறுவனத்தின் சர்வோவை அதில் இணைக்க முடியாது. இத்தகைய வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்தப் பெட்டி தனி உதிரிபாகமாகக் கிடைக்கிறதா என்பதை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

5. வாங்குவதற்கு முன் உதிரிபாகங்களைத் தேடிப்பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று நீங்கள் சொன்னால், இதைப் பின்பற்றுங்கள். ஆர்சி வண்டி உடையும். நன்றாக ஓட்டுபவரிடமும் உடையும். உடைந்த பாகம் கிடைக்காத வண்டி அலமாரிக்குத்தான் போகும்.

மனத்தில் வைத்திருக்கும் வண்டியின் பிரித்துக்காட்டும் வரைபடத்தை முதலில் தேடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் அதன் எண்ணோடு தனித்தனியே காட்டும் வரைபடம் அது. ஹாபி நிறுவனங்கள் பொதுவாக இதைக் கையேட்டிலேயே தருகின்றன. வரைபடமே கிடைக்கவில்லை என்றால் அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

வரைபடத்திலிருந்து ஆறு பாகங்களின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: முன் சஸ்பென்ஷன் கை, முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், மோட்டாரின் சிறு பல்சக்கரத்தோடு சேரும் ஸ்பர் கியர், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட், சர்வோ சேவர், ஷாக் அப்சார்பர். நேர் மோதலின் விசை முதலில் முன் கைக்கும் நக்கிளுக்கும் செல்கிறது. சக்கரத்தின் பக்கவாட்டில் விழும் அடியைச் சர்வோ சேவர் வாங்கிக்கொள்கிறது. அது வேலை செய்யாவிட்டால் சர்வோவின் உள் பற்கள் போய்விடும். கியர் இடைவெளி சரியில்லாதபோது ஸ்பர் கியரின் பற்கள்தான் முதலில் தேயும். தாவி இறங்கும் நேரத்தில் முடுக்கியை அழுத்தியிருந்தால், காற்றில் சுழன்ற சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென நிற்பதால், டிரைவ் ஷாஃப்ட் முறுக்கப்படுகிறது.

இந்த ஆறும் குறைந்தது இரண்டு விற்பனையாளர்களிடம் இருப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் படம் இருப்பது வேறு, இருப்பு இருப்பது வேறு. பாகங்கள் சிறு பைகளில் தனியாகக் கிடைக்கின்றனவா, அல்லது ஒரு கைக்காக முழு முன்பகுதியையும் வாங்கவேண்டி வருமா என்பதையும் கவனியுங்கள். ஒரே பெயரில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இருந்தால், பாக எண்கள் மாறியிருக்கலாம்; பதிப்பையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொதுவான பிழையைச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் கை உடைகிறதே என்று வண்டி வாங்கும்போதே அலுமினியக் கைகளையும் சிலர் வாங்கிவிடுகிறார்கள். நெகிழக்கூடிய பிளாஸ்டிக் மோதலின் விசையில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் மலிவான அந்தக் கை மட்டும் உடையும். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். வளையாவிட்டால் விசை முழுவதையும் அடுத்த பாகத்துக்குக் கடத்திவிடும். அந்த அடுத்த பாகம் பெரும்பாலும் கியர் பெட்டியாகவோ சேசிஸாகவோ இருக்கும். இரண்டுமே கையைவிட விலை கூடியவை.

6. மோட்டாரையும் இயக்கத்தையும் தேர்ந்தெடுங்கள்

பிரஷ்டு மோட்டார் மலிவானது, மெதுவான வேகத்தில் சீராக இயங்குவது, காலப்போக்கில் பிரஷ் தேய்ந்து வலுவிழப்பது. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் பிரஷ் இல்லை. அதே மின்சாரத்தில் கூடுதல் திறனும் வேகமும் கிடைக்கும். 1/10 வண்டியில் 540 அளவுள்ள பிரஷ்டு மோட்டாரோடு தொடங்குவதே புதியவருக்கு நல்லது என்பது என் கணிப்பு. திறன் போதாமையால் நின்றுபோன புதியவர் யாரும் இல்லை. திறன் மிகுந்து முதல் நாளிலேயே முன்பகுதியை உடைத்தவர்கள் பலர்.

பிரஷ்லெஸ் மோட்டாரின் மேல் இருக்கும் கேவி எண், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சிகள் என்பதைக் குறிக்கும். 3300 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 24,400 முறையும், 11.1 வோல்ட்டில் ஏறத்தாழ 36,600 முறையும் சுழலும். வேகம் ஒன்றரை மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். "இதே வண்டியில் பெரிய பேட்டரியைப் போட்டால் போதும்" என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் சொல்வதில்லை. கேவி எண் கூடினால் வலுவும் கூடும் என்று எண்ணுவதும் பிழை; அது சுழல் வேகத்தை மட்டுமே குறிக்கிறது.

பிரஷ்லெஸ்தான் வேண்டும் என்றால், கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரிலோ ஈஎஸ்சியிலோ திறனைப் பாதியாகக் குறைக்கும் வசதி உள்ளதை வாங்கி, முதல் சில ஓட்டங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

இரு சக்கர இயக்கம் எளிய அமைப்பு, குறைந்த எடை, குறைந்த பாகங்கள். ஆனால் வழுக்கும் தரையில் முடுக்கியை அழுத்தினால் பின்பகுதி சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் நேராகச் செல்லும், மன்னிக்கும். பராமரிக்க வேண்டிய, இடவலச் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டுகளும் கூடுதல். புல்லுக்கும் தளர்ந்த மண்ணுக்கும் நான்கு சக்கரம், இறுகிய தரைக்கு இரண்டில் எதுவாயினும் சரி.

7. பேட்டரி, சார்ஜர், பிளக் ஆகியவற்றை ஒன்றாக முடிவு செய்யுங்கள்

இவற்றைத் தனித்தனியே வாங்குவது இன்னொரு பெரிய பிழை. பேட்டரி ஒரு பிளக்கில், ஈஎஸ்சி இன்னொரு பிளக்கில், சார்ஜர் மூன்றாவதில் வந்து நிற்கும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் ஒரு செல் 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்து 7.2 வோல்ட். இது முரட்டுத்தனமான கையாளுதலைப் பெருமளவு தாங்கும், ஆனால் எடை கூடியது. லைபோ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக ஏறும்போது 4.2 வோல்ட். 2எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ட். லைபோ இலேசானது, ஓட்டம் முடியும்வரை வேகம் குறையாமல் தருவது, ஆனால் ஒழுங்கை எதிர்பார்ப்பது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும்.

எனவே ஈஎஸ்சியில் லைபோவுக்கான குறைமின்னழுத்தத் துண்டிப்பு உள்ளதா என்று பாருங்கள். பல ஈஎஸ்சிகளில் லைபோ, நிக்கல் என்று மாற்றும் சிறு ஜம்பரோ பொத்தானோ இருக்கும். நிக்கல் நிலையில் விட்டுவிட்டு லைபோவை ஓட்டினால், துண்டிப்பு வேலை செய்யாமல் ஓரிரு ஓட்டங்களிலேயே பேட்டரி பாழாகும். பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபாருங்கள்.

மில்லி ஆம்பியர்-மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து வண்டி சராசரியாக 15 ஆம்பியர் எடுத்தால் 20 நிமிடம் ஓடும். சி எண், பேட்டரி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தரமுடியும் என்பதைக் காட்டுகிறது. 5000 மில்லி ஆம்பியர்-மணியும் 20 சி-யும் என்றால் 100 ஆம்பியர். பிரஷ்டு வண்டிக்கு இதுவே தாராளம்.

சார்ஜரில் சிக்கனம் வேண்டாம். பெட்டியோடு வரும் சிறு சார்ஜர் அரை ஆம்பியர் மட்டும் தருவதாக இருந்தால், 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; கால்மணி ஓட்டத்துக்கு அரை நாள் காத்திருக்கும் புதியவர் ஒரு மாதத்தில் ஆர்வம் இழந்துவிடுகிறார். ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரை வாங்குங்கள். லைபோவைப் பொதுவாக 1 சி வேகத்தில், அதாவது 5000 மில்லி ஆம்பியர்-மணிக்கு 5 ஆம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும். அப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

சார்ஜ் செய்யும்போது அருகிலேயே இருங்கள். பேட்டரியைக் கட்டில், மரமேசை, துணி ஆகியவற்றின் மேல் வைக்காமல் தீப்பிடிக்காத தரையில் வையுங்கள். சார்ஜரில் லைபோ நிலை தேர்வாகியுள்ளதா, செல் எண்ணிக்கை சரியா என்று பார்த்த பின்பே தொடங்குங்கள். லைபோவை நிக்கல் நிலையில் சார்ஜ் செய்வது தீ விபத்தில் முடியலாம். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். சில நாள்கள் ஓட்டப்போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற சேமிப்பு நிலைக்குக் கொண்டுவந்து வையுங்கள். முழுமையாக ஏற்றி வைத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

பேட்டரியை வாங்கும் முன் வண்டியின் பேட்டரித் தட்டை அளவெடுங்கள். சில மில்லிமீட்டர் கூடினாலும் மூடி பூட்டாது. வெளிவண்டிக்குக் கடினமான உறை கொண்ட பேட்டரியே வேண்டும். எக்ஸ்டி60, டீன்ஸ், இசி3, டமியா எனப் பிளக்குகள் பலவகை; ஒரு வகையை முடிவு செய்து எல்லாவற்றையும் அதிலேயே வாங்குங்கள். பழைய டமியா வகை வெள்ளைப் பிளக் அதிக மின்னோட்டத்தில் சூடேறுவதால், பிரஷ்லெஸ் வண்டிக்கு அது வேண்டாம்.

8. ரேடியோ

இப்போது வரும் ஹாபி வண்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் வழக்கம். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தங்களுக்குள் இணைந்துகொள்வதால், பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குறுக்கீடு இராது. திருப்பத்தின் அளவைக் குறைக்கும் குமிழும், நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மும், சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃபும் இருந்தால் போதும். விலை உயர்ந்த ரேடியோவைப் பிறகு வாங்கி எந்த வண்டியிலும் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், முதல் முறை இதில் பணத்தைப் போடத் தேவையில்லை.

9. ஆயத்த வண்டியா, கிட்டா, பழைய வண்டியா

ஆயத்த வண்டி பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும். கிட் என்பது நீங்களே பூட்ட வேண்டியது. பெரும்பாலும் ரேடியோ, சர்வோ, பேட்டரி ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டும். டமியா டிடி-02 போன்ற எளிய கிட்டைப் பொறுமையாகப் பூட்டியவருக்கு, உடையும்போது எதைக் கழற்ற வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். கருவிகளைக் கையாளப் பிடிக்கும் என்றால் கிட், ஓட்ட மட்டும் ஆசை என்றால் ஆயத்த வண்டி.

பழைய வண்டியை வாங்கினால் சக்கரங்களைக் கையால் சுழற்றி, கரகர ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். ஷாக்குகளில் எண்ணெய்க் கசிவு, வழுக்கிப்போன ஸ்க்ரூத் தலைகள், பசை போட்டு ஒட்டிய சேசிஸ் ஆகியவை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கூடவே வரும் பழைய லைபோவுக்கு மதிப்பே போடாதீர்கள்.

நைட்ரோ எரிபொருளில் ஓடும் வண்டிகள் ஓசையாலும் புகையாலும் கவர்பவை. அவற்றுக்கு எஞ்சினைப் பழக்கும் காலம், கார்புரேட்டர் சீரமைப்பு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துப்புரவு என வேலை மிகுதி. ஓட்டவே தெரியாத நிலையில் எஞ்சினையும் சேர்த்துக் கற்க முயல்வது இரண்டையும் கெடுக்கும்.

10. மொத்தச் செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கையில் உள்ள தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குச் செலவிடாதீர்கள். மீதத் தொகையில் வர வேண்டியவை: இரண்டாவது பேட்டரி, நல்ல சார்ஜர், லைபோ பாதுகாப்புப் பை, ஒரு ஜோடி முன் கைகள், ஒரு ஸ்பர் கியர், கருவிகள்.

கருவிகளில் 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர்களும், 1/10 வண்டிகளின் சக்கர நட்டுக்கு 7 மில்லிமீட்டர் நட் டிரைவரும் முதன்மையானவை. பெட்டியில் வரும் வளைந்த ஆலன் சாவிகள் மென்மையானவை. அவை ஸ்க்ரூத் தலையை வழுக்கச் செய்துவிட்டால், கழற்றுவதற்கே ஒரு மாலை போய்விடும். ஜப்பானிய கிட்டுகளின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களுக்கு அந்நாட்டுத் தரமான ஜேஐஎஸ் டிரைவரே பொருந்தும்.

11. பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை

பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் வண்டியின் எல்லா ஸ்க்ரூக்களையும் சக்கர நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூக்களுக்கு ஒரு துளி திரெட்லாக் பசை இடலாம். பிளாஸ்டிக்கில் இறங்குபவற்றுக்கு இடக்கூடாது, அது பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும்.

கியர் மூடியைத் திறந்து, மோட்டாரிலுள்ள பினியனும் ஸ்பர் கியரும் சேரும் இடத்தைச் சோதியுங்கள். மெல்லிய காகிதத் துண்டை இரண்டுக்கும் நடுவே விட்டுச் சுழற்றினால், அது கிழியாமல் மடிப்புகளோடு வெளியே வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் மோட்டார் சூடேறும், தளர்வாக இருந்தால் பற்கள் போகும்.

முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு வண்டி என்ற வரிசையில் இயக்குங்கள். அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு டிரான்ஸ்மிட்டர். வண்டி எந்த நேரத்திலும் கட்டளை இல்லாமல் உயிரோடு இருக்கக்கூடாது என்பதே இதன் காரணம்.

சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை ஒரு பெட்டியின் மேல் வைத்து, முடுக்கியைச் சிறிது அழுத்தியபடியே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரங்கள் உடனே நின்றால் ஃபெயில்சேஃப் சரி. தொடர்ந்து சுழன்றால், கையேட்டின்படி அதை அமைக்கும்வரை வண்டியைத் தரையில் இறக்காதீர்கள்.

12. முதல் ஓட்டம்

முதல் பேட்டரி முழுவதையும் பாதி முடுக்கிலேயே ஓட்டுங்கள். வண்டி உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்களின் மோதல்கள் பெரும்பாலும் அந்த நொடியில்தான் நேர்கின்றன. இரண்டு பொருள்களைப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஓட்டுவது இதற்கு நேரடியான பயிற்சி. யோசிக்காமல் கை திரும்பத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டலாம்.

ஐந்து நிமிடத்தில் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு மூன்று நொடி வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்திவிடுங்கள். கியர் இடைவெளி, உயரமான புல், சக்கரத்தில் சுற்றிய முடி அல்லது நூல் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். மூன்றும் இல்லையென்றால் பற்கள் குறைந்த பினியனுக்கு மாறுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறையும், மோட்டார் பிழைக்கும்.

வண்டியின் வேகம் சட்டெனக் குறைந்தாலோ விட்டுவிட்டு ஓடினாலோ, ஈஎஸ்சி துண்டிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னும் ஒரு சுற்று என்று இழுக்காமல் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணைந்திருக்கும் ஈஎஸ்சி சிறு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருப்பதால், ஓரிரு வாரத்தில் லைபோ கெட்டுவிடும்.

நீர்புகா வண்டி என்று எழுதியிருந்தாலும், அது பொதுவாக மின்பாகங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஈரத்தில் ஓட்டினால் சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, காயவிட்டு, பேரிங்குகளில் ஒரு துளி இலேசான எண்ணெய் இடுங்கள். காய்ந்த மண்ணில் ஓட்டினால் நீரே வேண்டாம், தூரிகை போதும். இரண்டாவது பேட்டரியைப் போடுவதற்கு முன் நான்கு சக்கர நட்டுகளையும் மோட்டார் ஸ்க்ரூக்களையும் மீண்டும் இறுக்கிவிடுங்கள். புதிய வண்டியில் அவை முதல் ஓட்டத்திலேயே தளர்வது வழக்கம்.